ஒரு குன்றை எவ்வளவு வெட்டலாம்? ஃபுகுஷிமாவிலிருந்து ஒனகாவா வரை நான்கு நாள்

முதல் நாள்: தொமியோகா, ஏப்ரல் 10, 2025

“மக்களே, அங்க உள்ள தண்ணிய குடிச்சிராத. மீனும் திங்காத.” நேற்று இரவு போனில் அம்மா சொன்னது. சரி சரி என்றேன். இன்று மதியம் தொமியோகாவில் முதலில் சாப்பிட்டதே மீன்தான். குழாய்த் தண்ணீரும் இரண்டு டம்ளர். அம்மா இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. 2011இல் சுனாமியும் அணு உலை விபத்தும் நடந்த ஃபுகுஷிமா ரயிலில் மூன்று மணி நேரம்தான், ஆனாலும் போனதில்லை. எனக்கு ஊர் நாகர்கோவில். கூடங்குளம் எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரம். 2012இல் தினமும் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. அப்பா விசிறியால் வீசிக்கொண்டே “உலை வந்தாத்தான் விடியும்” என்பார். கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் இருந்தவன் இடிந்தகரைக்காரன். அவன் ஊரில் உலையை எதிர்த்து மாதக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வீட்டில் அப்பாவுக்கும் கல்லூரியில் அவனுக்கும் தலையாட்டினேன். அந்தக் கடனை அடைக்கத்தான் இந்தப் பயணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

உவேனோவில் ஏறினேன். கடலோரமாக வடக்கே போகும் இந்த ஜோபான் ரயில்பாதை 2011க்குப் பிறகு ஒன்பது வருடம் நடுவில் அறுந்து கிடந்தது. தொமியோகாவுக்கும் நமியேவுக்கும் இடைப்பட்ட கடைசித் துண்டை 2020 மார்ச்சில்தான் திறந்தார்கள். தொமியோகா ஸ்டேஷன் புத்தம் புதிது. பழையதைக் கடல் கொண்டுபோய்விட்டது.

அலுவலகத்தில் ஒருவரிடம் இரவல் வாங்கிய கதிர்வீச்சு மானி ஒன்று பையில் இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் மணிக்கு 0.07 மைக்ரோசீவர்ட் காட்டியது. எங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இதே மானியை வைத்தால் இதைவிடக் கூடுதலாகவே காட்டும். அங்கே மணலில் மோனசைட், அதற்குள் தோரியம், எல்லாம் இயற்கையாக இருப்பது. இந்த ஒப்பீட்டைச் சொல்லி எத்தனையோ வாக்குவாதங்களில் ஜெயித்திருக்கிறேன். இன்று அந்த வாசலில் நின்றபோது அது பாதி ஏமாற்று வேலை என்று தோன்றியது. மணவாளக்குறிச்சியில் 16,000 பேரை ஒரே காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பு என்று யாரும் சொல்லவில்லையே. 2011 மார்ச் 12 அன்று இந்த ஊருக்கு அதுதான் நடந்தது. 2017இல் ஊரின் பெரும்பகுதியைத் திறந்துவிட்டார்கள். இப்போது குடியிருப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம்.

உலைகளை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் காட்சியகம் ஒன்று ஊருக்குள் இருக்கிறது. கட்டடம் விசித்திரமாக, ஐரோப்பியக் கிராமத்து வீடுகள் மாதிரி இருந்தது. ஐன்ஸ்டைன், மேரி கியூரி, எடிசன் ஆகியோர் பிறந்த வீடுகளின் சாயலில் கட்டியது. அணுசக்தியின் பெருமையைக் குழந்தைகளுக்குக் காட்டிய இடம். 2018 முதல் விபத்தையும் உலைகளைக் கலைக்கும் வேலையையும் காட்டுகிறது. முதலில் ஒரு படம் போடுகிறார்கள். எங்கள் அகந்தையும் மிதமிஞ்சிய நம்பிக்கையும்தான் காரணம் என்று நிறுவனமே அதில் மன்னிப்புக் கேட்கிறது. இப்படி ஒரு வாக்கியத்தை நம் ஊரில் எந்த நிறுவனத்தின் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை.

எனக்கு இந்தக் கதையில் முள்ளாய்க் குத்துவது ஒரு குன்று. ஃபுகுஷிமா தாய்-இச்சி நிலையம் (இங்குள்ளவர்கள் சுருக்கமாக ‘இச்சி-எஃப்’ என்கிறார்கள்) இருக்கும் இடம் முதலில் கடலைப் பார்த்து நிமிர்ந்து நின்ற 35 மீட்டர் மேடு. 1960களில் அதை வெட்டி 10 மீட்டருக்கு இறக்கினார்கள். கனமான பாகங்களைக் கப்பலிலிருந்து இறக்க வசதி; குளிர்விக்கும் கடல்நீரை மேலே ஏற்றும் செலவு மிச்சம்; அடிப்பாறையில் அஸ்திவாரம் போடலாம். அப்போது சுனாமிக்கென்று கணக்கில் எடுத்த உயரம் 3.1 மீட்டர். 1960இல் சிலி நாட்டு நிலநடுக்கத்தின் அலை இந்தப் பக்கத்து ஒனஹாமா துறைமுகத்தில் அவ்வளவுதான் எழும்பியது. பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி 6.1 வரை கொண்டுவந்தார்கள். 2008இல் நிறுவனத்துக்குள்ளேயே போட்ட ஒரு கணக்கு 15.7 மீட்டர் என்றது. அந்த எண்ணை ஆராயச் சொல்லி ஒரு நிபுணர் அமைப்பிடம் தள்ளினார்கள். கண்காணிப்பு அமைப்புக்கு அதைச் சொன்னது 2011 மார்ச் 7. அலை வந்தது மார்ச் 11.

அன்று நிலம் ஆடியதும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. அதுவரை எல்லாம் சரி. ஆனால் விறகடுப்பில் கொள்ளியை வெளியே இழுத்துப் போட்டாலும் தணல் கிடக்கும் அல்லவா, அதே கதைதான் உலைக்குள்ளும். நிறுத்திய கணத்தில் 6-7 சதவீத வெப்பம் மிச்சம் இருக்கும். நாள் போகப்போகக் குறையும், ஆனால் அதுவரை விடாமல் தண்ணீர் ஓட வேண்டும், தண்ணீர் ஓட மின்சாரம் வேண்டும். வெளி மின்சாரம் நிலநடுக்கத்திலேயே போனது. டீசல் ஜெனரேட்டர்கள் எடுத்துக்கொண்டன. அவற்றில் பலவும் மின்பலகைகளும் இருந்த இடம் டர்பைன் கட்டடத்தின் நிலத்தடித் தளம். 14 மீட்டருக்கு மேல் ஏறிய தண்ணீர் நேரே அங்கே இறங்கியது. எரிபொருள் உருகி, அதன் உலோக உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் கிளம்பி, கட்டடங்கள் வெடித்தது எல்லாம் அதன் பின்விளைவு. சற்று உயரத்தில் இருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் 5, 6 எண் உலைகளைக் காப்பாற்றிவிட்டது.

போன மாதம்தான் இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் முன்னாள் அதிகாரிகள் இருவரின் விடுதலையை உறுதி செய்தது.

மாலையில் யோனோமோரி. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சாலையின் இருபுறமும் செர்ரி மரங்கள். ஒரு காலத்தில் இந்த மரவரிசைக்குக் குறுக்கே தடுப்பு போட்டிருந்தார்கள். மக்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் பூப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். இப்போது முழுதும் திறந்திருக்கிறது. மரங்களுக்குப் பின்னால் வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புல்தரை, புல்தரை, நடுவே ஒரு தபால்பெட்டி.

இரண்டாம் நாள்: ஃபுதாபா, உகேதோ

மானியைக் கையில் பிடித்தபடி ரயிலில் உட்கார்ந்திருந்தேன். ஃபுதாபாவை நெருங்கும்போது 0.2ஐத் தாண்டியது, பிறகு இறங்கியது. எதிர் இருக்கைப் பாட்டி என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்கமாகிவிட்டது. இன்னொருவர் வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்துவது மாதிரிதானே இது? பைக்குள் போட்டுவிட்டேன்.

ஃபுதாபாவில் 2011க்கு முன் சுமார் 7,000 பேர். ஊரே காலியானது; ஊராட்சி அலுவலகமும் ஊர்க்காரர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும் சைதாமா மாநிலத்தில் மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயர்ந்தார்கள். 2022 ஆகஸ்ட் கடைசியில்தான் முதல்முறையாக இங்கே இரவு தங்கிக் குடியிருக்க விட்டார்கள். இப்போது இருப்பவர்கள் இருநூறுக்கும் குறைவு.

ஸ்டேஷனில் வாடகை சைக்கிள் கிடைத்தது. கடல் பக்கம் இரண்டு கிலோமீட்டர் மிதித்தால் பேரிடர் நினைவு அருங்காட்சியகம். அங்கே நான் பார்க்க வந்தது ஒரு பெயர்ப்பலகை. ஊரின் கடைத்தெருவுக்குக் குறுக்கே வளைவாக நின்றது. ‘அணுசக்தி: ஒளிமயமான எதிர்காலத்தின் ஆற்றல்’ என்ற வாசகம். 1980களில் வீட்டுப்பாடமாக இதை எழுதியது உள்ளூர்ப் பள்ளி மாணவன். ஊர் காலியான பின்பும், ஆளில்லாத தெருவின் தலைக்கு மேல் அது நின்றுகொண்டே இருந்தது. 2015இல் பழுதாகிவிட்டது என்று சொல்லிக் கழற்றினார்கள். கழற்றக் கூடாது, நம் தவறு நம் கண் முன்னாலேயே நிற்கட்டும் என்று எதிர்த்தவர், அதை எழுதிய அதே ஆள், அதற்குள் நடுவயதுக்காரர். இப்போது அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நினைத்ததைவிடப் பெரிய எழுத்துகள். அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் எங்கள் பள்ளியில் அணுசக்தி பற்றிக் கட்டுரைப் போட்டி வைத்து எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள்.

உள்ளே ஒரு வரியைப் பலமுறை நினைத்துக்கொண்டேன். ஃபுகுஷிமா மாநிலத்தில் வெளியேற்றத்தின் அலைச்சலாலும் அதன் பிறகான வாழ்க்கையாலும் இறந்தவர்கள் என அரசு ஏற்றுக்கொண்டவர்கள் 2,300க்கும் மேல். அங்கு அலை அடித்து இறந்தவர்களைவிட அதிகம். பக்கத்து ஓகுமாவில் ஒரு மருத்துவமனையிலும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்திலும் இருந்தவர்களைப் பேருந்தில் ஏற்றி மணிக்கணக்கில் சுற்றியதில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கதிர்வீச்சால் என்று அரசு ஏற்றுக்கொண்டது ஊழியர்களின் ஓரிரு புற்றுநோய் மரணங்களைத்தான். அப்பா இதைக் கேட்டால், “பாத்தியா, கதிர்வீச்சு ஆளக் கொல்லல்ல, பயந்தான் கொன்னுது” என்பார். இடிந்தகரைக்காரன், “உலை இல்லேன்னா எதுக்குல ஓடப்போறாங்க?” என்பான். இரண்டு பேர் கையிலும் ஒரே எண். எனக்கு இன்று இரண்டாவது ஆள் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறது. படுக்கையில் கிடப்பவரை எப்படித் தூக்கிப் போவது, எந்தச் சாலையில், எங்கே என்பதும் பாதுகாப்புக் கணக்கில் சேர்த்திதான். அது உலைக் கட்டடத்தின் சுவர் தடிமனோடு முடிவதில்லை.

அங்கிருந்து வடக்கே, நமியே ஊரைச் சேர்ந்த உகேதோ தொடக்கப்பள்ளி. கடலிலிருந்து 300 மீட்டர். கீழ்த்தளத்தில் கூரை பிய்ந்து, குழாய்கள் முறுக்கி, அலை போனபோது விட்டுச் சென்றபடியே வைத்திருக்கிறார்கள். அன்று பள்ளியில் இருந்த குழந்தைகள் 82 பேர். நிலம் ஆடியதும் ஆசிரியர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓஹிரா மலையைப் பார்த்து நடக்க வைத்துவிட்டார்கள். 82 பேரும் பிழைத்தார்கள்.

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அன்றிரவு இடிபாடுகளுக்குள் குரல் கேட்டது. விடிந்ததும் வருகிறோம் என்று தீயணைப்புக்காரர்கள் திரும்பினார்கள். விடிந்தபோது உலையைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்ற உத்தரவு வந்துவிட்டது. மறுபடி தேட வந்தது ஒரு மாதம் கழித்து. நமியே மக்கள் பலர் வடமேற்கே ட்சுஷிமா என்ற மலைக்கிராமத்துக்கு ஓடினார்கள். காற்றும் அந்தப் பக்கம்தான் போனது. காற்று எங்கே போகும் என்று கணிக்கும் கணினி அரசிடம் இருந்தது, அதன் படம் ஓடியவர்கள் கைக்குப் போகவில்லை.

பள்ளியின் மாடியிலிருந்து தெற்கே பார்த்தால் தூரத்தில் கிரேன்கள் தெரிகின்றன. இச்சி-எஃப். அங்கே மூன்று உலைகளுக்குள் உருகி உறைந்து கிடப்பது சுமார் 880 டன். போன நவம்பரில் ஒரு நீண்ட கருவியை விட்டு முதல்முறையாக மாதிரி எடுத்தார்கள். எடுத்தது 0.7 கிராம், ஒரு சிட்டிகை உப்பு அளவுகூட இல்லை. 2051க்குள் வேலை முடியும் என்பது அதிகாரபூர்வத் திட்டம். 880 டன்னை 0.7 கிராமால் வகுத்துப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள்: நமியே, பிறகு ரயில், ரயில், ரயில்

இன்று எழுத அதிகம் இல்லை. காலையில் நமியேவின் தனாஷியோ பகுதிக்கு டாக்சியில் போய்வந்தேன். சூரியத் தகடுகள் வயல் மாதிரி விரிந்துகிடக்கின்றன, 20 மெகாவாட். அதன் நடுவே தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் 10 மெகாவாட் ஆலை, 2020இல் திறந்தது. வேடிக்கை என்னவென்றால் இது ஓர் அணுமின் நிலையத்துக்காக ஒதுக்கிய நிலம். நிலத்தைத் தர மறுத்த சில விவசாயிகள் பல பத்தாண்டுகள் பிடிவாதமாக இழுத்தடித்தார்கள். விபத்துக்குப் பிறகு, 2013இல் திட்டமே கைவிடப்பட்டது. அந்தப் பிடிவாதக்காரர்களை அந்நாளில் ஊர் என்னவெல்லாம் சொல்லியிருக்கும்! வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறவன் என்பது எல்லா மொழியிலும் இருக்கும் வசவு.

நமியே யாக்கிசோபா என்ற தடித்த நூடுல்ஸைச் சாப்பிடப் போய் ரயிலை விட்டேன். அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருப்பு. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மண்ணைப் பற்றி யோசித்தேன். மாநிலம் முழுக்கச் சுரண்டி எடுத்த மண்ணை ஓகுமாவிலும் ஃபுதாபாவிலுமாக, உலையைச் சுற்றி 1,600 ஹெக்டேரில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சுமார் 1.4 கோடி கன மீட்டர். 2045 மார்ச்சுக்குள் ஃபுகுஷிமாவுக்கு வெளியே கொண்டுபோய்விடுவோம் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். எந்த ஊருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. டோக்கியோவில் என் வீட்டு விளக்குக்கு எரிந்த உலை அது, ஃபுகுஷிமாவுக்கு வேறு நிறுவனம் மின்சாரம் தருகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு பிடி மண்ணாவது என் பால்கனித் தொட்டிக்கு வர வேண்டும்.

செந்தாய் வழியாக இரவில் இஷினோமாகி.

நான்காம் நாள்: ஒனகாவா

இஷினோமாகியில் வாடகைக் கார் எடுத்தேன். ஒனகாவா ஊர் அலையில் துடைத்தெறியப்பட்டது. பத்தாயிரம் பேரில் எண்ணூறுக்கும் மேல் போனார்கள். கடற்கரையில் ஒரு காவல் சாவடி மல்லாக்கச் சாய்ந்தபடி கிடக்கிறது, அடியில் பிடுங்கிய அஸ்திவாரக் கம்பங்கள் தெரிய, நினைவுச் சின்னமாக. புது ஸ்டேஷனுக்குள் வெந்நீர்க் குளியல் இருக்கிறது. மதியம் மீன்சோறு. பக்கத்து மேசையில் ‘ஹோயா’ என்ற கடல் உயிரியைச் சுவைத்துக்கொண்டிருந்தார்கள். தென்கொரியாதான் அதைப் பெருமளவு வாங்கிக்கொண்டிருந்தது. விபத்துக்குப் பின் தடை போட்டதும், வளர்த்ததைக் கொட்டி அழிக்க வேண்டியதாயிற்று. ஒனகாவா இருக்கும் மியாகி மாநிலத்துக் கடல்காரர்களுக்கும் அந்த ஃபுகுஷிமா உலைக்கும் என்ன சம்பந்தம் என்று யார் கேட்கிறார்கள்?

ஒனகாவா அணுமின் நிலையத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நிலநடுக்கத்தின் மையத்துக்கு இச்சி-எஃப்பைவிட இதுதான் பக்கம். அலையின் உயரம் இங்கே சுமார் 13 மீட்டர். உலைகள் மூன்றும் பத்திரமாகக் குளிர்ந்தன. காரணம், 14.8 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தார்கள். 1960களின் கடைசியில், 12 மீட்டர் போதும் என்ற பேச்சு நடந்தபோது, தொஹோகு மின் நிறுவனத்தின் முன்னாள் துணைத் தலைவர் ஹிராய் யனோசுகே போதாது என்று நின்றார். அவர் மனதில் இருந்தது 869ஆம் ஆண்டின் ஜோகன் சுனாமி. ஆயிரத்து நூறு வருடம் பழைய அலைக்காகச் செலவா என்று சிரிக்கத் தோன்றும். அவர் 1986இல் இறந்துவிட்டார், தான் சொன்னது சரியா என்று பார்க்கவில்லை.

நிலநடுக்கத்தில் நிலமே ஒரு மீட்டர் தாழ்ந்தது. 14.8இல் 1 போனால் 13.8. அலை 13. மிச்சம் 80 சென்டிமீட்டர், இரண்டு முழத்துக்கும் குறைவு. வெளியிலிருந்து வரும் ஐந்து மின்பாதைகளில் நான்கு அறுந்து ஒன்று நின்றது. சுற்றுக் கிராமங்களில் வீடிழந்தவர்கள் ஒதுங்க இடம் தேடி வந்தது உலை வளாகத்துக்கே. உடற்பயிற்சிக் கூடத்தில் 364 பேர் வரை, மூன்று மாதம் தங்கினார்கள்.

முதல் நாள் எழுதியதைப் படித்த இடிந்தகரைத் தோழன் நேற்று குரல்பதிவு அனுப்பியிருந்தான். “எல, நம்ம ஊர்ல எத்தன மீட்டர்?” கூடங்குளத்தில் கணக்கிட்ட அதிகபட்ச வெள்ள மட்டம் 5.44 மீட்டர், உலைக் கட்டடம் இருப்பது 8.7 மீட்டரில். நியாயமாகச் சொன்னால், ஜப்பானுக்கு மாதிரி நம் கரைக்கு அடியிலேயே பெரிய பிளவு கிடையாது. அலை சுமத்ராவிலிருந்து மணிக்கணக்கில் பயணித்துத்தான் வர வேண்டும். மின்சாரமே இல்லாவிட்டாலும் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பும், உருகினால் தாங்கிப் பிடிக்கும் தொட்டியும் அங்கே இருக்கின்றன. 2004இல் கல்பாக்கத்தில் பம்ப் கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது உலையை ஒழுங்காக நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனையும் எழுதி அனுப்பினேன். பதில் உடனே வந்தது: “அந்த 5.44-ஐ போட்டவன் யாரு? அவன்கிட்ட போதாதுன்னு சொல்ல அங்க ஒருத்தனுக்கு வாய் இருக்கா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நான்கு நாளாக நான் தேடிய கேள்வி அதுதான் என்று தெரிந்தது. அணு உலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடலோரம் முழுக்க நிலக்கரிப் புகைபோக்கிகளையும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். வேண்டும் என்பவர்கள் ஹிராய்க்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்களா, அவர் சொன்னால் கேட்பார்களா என்று இனி நான் கேட்பேன். நம் அரசு பிப்ரவரி பட்ஜெட்டில் 2047க்குள் 100 ஜிகாவாட் அணுமின்சாரம் என்று அறிவித்தது. விபத்துக்கு யார் பணம் கட்டுவது என்ற பொறுப்புச் சட்டத்தைத் திருத்தப் போவதாகவும் அதே மூச்சில் சொன்னது. உயரத்தைப் பற்றிப் பேச்சு இல்லை.

ஜப்பானும் திரும்பிவிட்டது. விபத்துக்கு முன் 54 உலைகள். 2025 ஏப்ரல் வரை மறுபடி ஓடத் தொடங்கியவை 14. அணுசக்தியை முடிந்தவரை குறைப்போம் என்ற வாசகத்தை பிப்ரவரியில் வந்த புதிய ஆற்றல் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 2040இல் 20 சதவீத மின்சாரம் இதிலிருந்து என்கிறார்கள். ஒனகாவாவின் இரண்டாம் உலை போன அக்டோபரில் ஓடத் தொடங்கியது. இப்போது கடல் மட்டத்திலிருந்து 29 மீட்டருக்குச் சுவர். 80 சென்டிமீட்டர் பாடத்தைப் படித்தவர்கள் கட்டியது.

உலையைத் தாண்டி ஓஷிகா தீபகற்பத்தின் முதுகில் ஒரு மலைச்சாலை போகிறது. அதன் பெயர் கோபால்ட் லைன். கடலின் நீலத்துக்காக வைத்த பெயராம், நமக்குத்தான் புத்தி கதிர்வீசும் கோபால்ட்-60க்குப் போகிறது. உலையில் ஏதாவது ஆனால் தீபகற்பத்தின் நுனியில் இருப்பவர்கள் உலைப் பக்கமாகவே வந்து வெளியேற வேண்டும். இந்த வெளியேற்றத் திட்டம் நடக்காது என்று இஷினோமாகி மக்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். செந்தாய் உயர் நீதிமன்றம் போன நவம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. 2024 புத்தாண்டு அன்று நோதோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் வந்து சாலைகள் கண்டதுண்டமாய் உடைந்து கிராமங்கள் தனித்தீவாய் நின்றதை டிவியில் பார்த்திருக்கிறேன். அங்கேயும் ஓர் அணுமின் நிலையம் இருக்கிறது.

திரும்பும்போது மழை தூறத் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், திருப்பத்துக்கு மேல் திருப்பம். முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று. பாவம், டிரைவர் இரண்டு முறை ஓரம் கட்டப் பார்த்தார், ஒதுங்க இடமில்லை. ஒனகாவா ஊருக்குள் இறங்கும்வரை அதன் பின்னாலேயே ஊர்ந்து வந்தேன்.